ஈரம், தொடாதீர்கள்

"பையைத் திறந்து பார்த்துக்கோ" என்றாள் அம்மா. "கண்ணாடி உள்ளதான் இருக்கு. நாலடிக்கு மூணடி. நாலா மடிச்சு டிபன் டப்பாவுக்குக் கீழே வச்சிருக்கேன்."

ஓவியக் கூடத்தின் நட்ட நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை. தோளில் துப்பாக்கி மாதிரி சாய்த்த மாப். எதிரே கூடத்தின் செயலாளர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டிருந்தார். அம்மாவை எழுந்து வெளியே போகச் சொல்லி அவர் களைத்துப் போயிருந்தார். அம்மா களைக்கவில்லை.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். இரண்டாவது பட்டம் இன்று காலை அம்மாவுக்குக் கிடைத்தது. திருடி. என்னுடையதற்கு மூன்று வருஷம் பிடித்தது. அம்மாவுக்கு யாரும் பரீட்சைகூட வைக்கவில்லை.

அக்கம்பக்கத்தார் சேர்ந்து நடத்தும் கூடம் அது. பழைய கிடங்குக்கு வெள்ளையடித்து, விளக்கு மாட்டி, கலை என்று சொல்லிக்கொண்டார்கள். மாலை ஐந்து மணிக்குக் கண்காட்சித் திறப்பு. நான்கு சுவர்களிலும் ஓவியங்கள். நடுவில் ஒரு மரத்தாங்கி. அதில் நிற்க வேண்டிய கண்ணாடிச் சிற்பத்தைத்தான் காணோம். நேற்று மாலை இருந்ததாம், இன்று காலை இல்லையாம். இடையில் உள்ளே வந்தது கூட்டித் துடைக்கும் அம்மா மட்டும்தானாம்.

"கைதவறி உடைச்சிருப்பாங்க. பயத்துல அள்ளிக் கொட்டியிருப்பாங்க" என்றார் செயலாளர். "திறப்பு விழாவுக்குள்ள ஒத்துக்கிட்டா வேலையை விட்டு அனுப்பறதோட விட்டுடறேன். இல்லேன்னா போலீஸ்."

"அதுக்குள்ள நாங்க கண்டுபிடிச்சிட்டா?" என்றேன்.

"நாங்கன்னா யாரு?"

எனக்குப் பின்னாலிருந்து சித்தப்பா முன்னே வந்தார். எங்கள் துப்பறியும் நிலையத்தின் முதலாளி. தொழில் நேரத்தில் 'பாஸ்' என்று கூப்பிட வேண்டும் என்பது அவர் உத்தரவு. இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. முகவரி அட்டையை எடுக்கப் பின்பாக்கெட்டில் கை விட்டார். சீப்பு வந்தது. கொஞ்சமும் அசராமல் அதையே நீட்டினார்.

செயலாளர் சீப்பை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

"கவலைப்படாதீங்க அண்ணி" என்றார் சித்தப்பா. "நான் வந்துட்டேன்ல."

"அதுதான் தம்பி கவலை" என்றாள் அம்மா.

முதலில் குப்பைத் தொட்டி. சித்தப்பா டார்ச் அடித்துத் தலையை உள்ளே விட்டார். பிறகு தரையில் மண்டியிட்டு, கன்னத்தைத் தரையோடு ஒட்டி, மூலை மூலையாகப் பார்த்தார்.

"கண்ணாடி உடையறதுங்கறது கல்யாண வீடு மாதிரி" என்றார் எழுந்து. "எவ்வளவு பெருக்கினாலும் ஒரு வாரத்துக்கு மூலைக்கு ஒரு சொந்தக்காரன் அகப்படுவான். இங்க ஒரு சில்லு இல்லை. அது உடையலை."

"அப்போ முழுசாத் தூக்கிட்டுப் போயிருக்காங்க" என்றார் செயலாளர்.

"ஆமா. அக்குள்ல இடுக்கிட்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் அதுக்கும் டிக்கெட் கேட்டாரு" என்றாள் அம்மா.

நான் சுவர்களைப் பார்த்தேன். ஒன்று உறுத்தியது. அத்தனை ஓவியமும் ஒரே அளவு. ஒரு விரற்கடை கூடக்குறைய இல்லை.

அதைக் கேட்டதும் செயலாளருக்கு முகம் மலர்ந்தது. "என் விதிதான். எல்லாமே நாலடிக்கு மூணடி. சுவர் சீரா இருக்கணும். கண்ணாடிக்காரம்மாவுக்கும் அதே அளவுதான். சின்னதா வரைஞ்சவங்களைப் பெரிசா வரையச் சொன்னேன். பெரிசா வரைஞ்ச ஒருத்தர் கீழ் ஓரத்தை வெட்டிக் குடுத்துட்டாரு."

"ஓரத்துல என்ன இருந்துச்சு?"

"கால்."

அந்த ஓவியத்தைத் தேடினேன். ஒரு குதிரை தரையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அதற்குக் கீழே 'வேகம்' என்று எழுதியிருந்தார்கள்.

கண்ணாடிக்கார அக்கா பின்னறையில் இருந்தார். நடுவயது. நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட, சூளை முன் போடும் மூக்குக்கண்ணாடி, பத்து விரல் நுனியில் ஏழில் பிளாஸ்திரி. அழுது முடித்துக் கோபத்துக்கு வந்திருந்தார்.

"பேரு 'நீர்'" என்றார். "சூளையில வச்சு உருக்கி, அலை அலையா நெளிய விட்ட தகடு. கலர் கிடையாது. குளத்துத் தண்ணி மாதிரி தெளிவு. ஆறு தடவை வெடிச்சுது. ஏழாவதுதான் நின்னுச்சு."

"கலரும் இல்லை, உருவமும் இல்லைன்னா பாக்கறவங்களுக்கு என்னதான் தெரியும்?" என்றார் சித்தப்பா.

"ஒண்ணும் தெரியாது. அதுதான் அதோட அழகு."

"அப்போ இன்னிக்குத்தான் ரொம்ப அழகா இருக்கு" என்றேன். வாய் என் பேச்சைக் கேட்பதில்லை. அக்கா பிளாஸ்திரி விரலை என் பக்கம் நீட்டினார்.

"சிரி. நல்லா சிரி. உன் அம்மா எடுக்கலைன்னு எனக்கும் தெரியும். அந்த மனுஷன் என்னைக் கேட்டா பழி போட்டாரு? வேணும்னா அந்தத் தாடிக்காரனைப் போய்ப் பிடி."

தாடிக்காரர் ஓர் ஓவியர். செயலாளரின் மனைவிக்குத் தம்பி. ஆகவே அவர் ஓவியம் வாசலுக்கு நேர் எதிரே, இரண்டு விளக்கு வெளிச்சத்தில் தொங்கியது. மற்றவர்களுக்கெல்லாம் ஒரே விளக்கு.

"அவரு என்ன பண்ணாரு?"

"என் அலையைக் காப்பியடிச்சிட்டான்! நேத்து வரைக்கும் அது சேறு. வெறும் சேறு. இன்னிக்குக் காலையில பாக்கறேன், தண்ணி ஓடுது! நடந்தா கூடவே நெளியுது!"

"ஒரே ராத்திரியிலயா?"

"பொறாமைக்கு ஒரு ராத்திரி போதாதா?"

"கிட்டப் போய்ப் பார்த்தீங்களா?"

"அவன் படத்துக்கிட்ட நான் போவேனா? கயிறு வேற கட்டி வச்சிருக்காங்க, பெரிய பொக்கிஷம்."

கலைஞர்களின் வயிற்றெரிச்சலை வாக்குமூலமாக எடுத்துக்கொண்டால் எந்த வழக்கும் முடியாது. எழுந்து கூடத்துக்கு வந்தேன்.

சித்தப்பாவைக் காணோம்.

தாடிக்காரரின் ஓவியத்துக்கு முன்னால் சிவப்புக் கயிறு. கயிற்றில் ஓர் அட்டை: 'ஈரம். தொடாதீர்கள்.' கயிற்றுக்கு அந்தப் பக்கம், ஓவியத்துக்கு ஒரு சாண் தூரத்தில், முதலாளி தலை வாரிக்கொண்டிருந்தார். போலீஸ் வருவதாக இருக்கிற வழக்கில், அண்ணியின் பிழைப்பு போகப் போகிற நேரத்தில், வகிடு எடுத்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா!"

"பாஸ்" என்று திருத்தினார். "பாப்பா, இங்க வா. முடி எவ்வளவு அடர்த்தியா இருக்கு பார். புது எண்ணெய் வேலை செய்யுதுடி!"

நான் பதில் சொல்வதற்குள் செயலாளர் ஓடி வந்தார். காலையிலிருந்து அம்மாவின் நாற்காலியைத் தொடக்கூட யோசித்த மனிதர், சித்தப்பாவின் காலரைப் பிடித்துக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டார்.

"படிக்கத் தெரியாதா? பெயிண்ட் ஈரம்! கை பட்டா போச்சு!"

"கை படலையே. சீப்புதான்."

"சீப்பும் கூடாது!"

அந்தச் சமயம் தாடிக்காரரே வந்தார். தாடிக்குள் எங்கேயோ ஒரு முகம். கயிற்றின் முன் நின்று தன் ஓவியத்தைப் பார்த்தார். கண் கலங்கியது.

"நேத்து இது படம்" என்றார் என்னிடம். "இன்னிக்கு இது கடல். எப்படி ஆச்சுன்னு எனக்கே புரியலை. அதோ, வலது ஓரத்துல கீழே ஒரு புள்ளி இருக்கு பாருங்க. வெள்ளிப் புள்ளி. அதை எப்போ வச்சேன்னு நினைவே இல்லை. மனசுக்குத் தெரியாம கை வச்சிருக்கு."

"கைக்கு நம்மளைவிட அறிவு ஜாஸ்திதான்" என்றேன். "எப்போ காயும்?"

"எது?"

"பெயிண்ட்."

"காஞ்சு மூணு மாசம் ஆச்சே."

"அப்புறம் ஈரம்னு போர்டு?"

தாடிக்காரர் அதை இப்போதுதான் பார்த்தார். பிறகு மெதுவாக, பெருமிதத்தோடு புன்னகைத்தார். "நான் வைக்கலை. அவ்வளவு உயிர்ப்பா இருக்கறதால பாக்கறவங்களுக்கு ஈரம்னு தோணியிருக்கு."

இப்படி ஒரு தன்னம்பிக்கை எனக்கு இருந்திருந்தால் நான் இந்நேரம் மந்திரி.

வாசல் படியில் போய் உட்கார்ந்தோம். உள்ளே நாற்காலிகள் இழுபடும் சத்தம். மைக்கில் யாரோ 'ஹலோ, ஹலோ' என்று ஊதினார்கள். என் கல்லூரி விண்ணப்பத்தில் 'தாயின் தொழில்' என்ற இடத்தை நான் காலியாக விடப் பார்த்தபோது, பேனாவைப் பிடுங்கி 'எழுதுடி, கூட்டறேன்னு எழுது' என்றவள் அம்மா. அவளைப் பற்றி இனி எழுத வேண்டியது இந்தச் செயலாளர் சொல்கிற வார்த்தையா?

பக்கத்தில் சித்தப்பா சீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கலையைப் பத்தித் தெரியாது பாப்பா. ஆனா ஒண்ணு சொல்றேன். இங்க இருக்கறதுல அது ஒண்ணுதான் நல்ல படம்."

"எப்படிச் சொல்றீங்க?"

"மத்ததுக்கு முன்னாடியும் நின்னு பார்த்தேன். ஒண்ணுலகூட என் முகம் தெரியலை."

நான் எழுந்து நின்றேன்.

"சித்தப்பா. துணியில வரைஞ்ச படத்துல உங்க முகம் எதுக்குத் தெரியணும்?"

"தெரிஞ்சுதே. நல்லா, தெளிவா. கொஞ்சம் நெளிஞ்சு... முடிகூட ரெண்டு மடங்கா..."

சீப்பு நின்றது. ஒரு மனிதனின் வாழ்க்கை நொறுங்குவதை அத்தனை பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

"அப்போ எண்ணெய் வேலை செய்யலையா?" என்றார்.

கூடத்துக்குள் ஓடினேன். கயிற்றைத் தாண்டினேன். "ஈரம்! ஈரம்!" என்று செயலாளர் அலற அலற, உள்ளங்கையை ஓவியத்தின் மேல் அழுத்தி வைத்தேன்.

சில்லென்று இருந்தது. கையை எடுத்துக் காட்டினேன். ஒரு பொட்டுப் பெயிண்ட் இல்லை. ஓவியத்தின் மேல் மட்டும் என் ஐந்து விரலும் பதிந்திருந்தன.

சத்தம் கேட்டுக் கண்ணாடிக்கார அக்கா வந்தார். வந்தவர் ஓவியத்தைக் கிட்டத்தில் பார்த்தார். பிறகு குனிந்து வலது ஓரத்தைப் பார்த்தார்.

"என் குமிழி!" என்று கத்தினார். "என் கையெழுத்துக்குப் பதிலா நான் விடற காத்துக் குமிழி!"

"என் புள்ளி!" என்று கத்தினார் தாடிக்காரர்.

"குமிழிடா!"

"புள்ளிங்க!"

அம்மா நாற்காலியை விட்டு எழுந்தாள். அன்று முதல் முறையாக. "என்னடி நடக்குது?"

"அம்மா, காணாமப் போன கண்ணாடி இதுதான். இந்தாளோட படத்துக்கு மேல, சட்டத்துக்குள்ள மாட்டியிருக்கு. எல்லாமே நாலடிக்கு மூணடி, அதனால கச்சிதமா உக்காந்திருச்சு." தாடியைப் பிடிக்காத குறையாக அவர் முன் போய் நின்றேன். "சேறு மாதிரி இருந்த படம். மேல அவங்க கண்ணாடியைப் போட்டதும் கடல் ஆயிடுச்சு. நல்ல திட்டம். திருடினது யாரோ, பழி எங்க அம்மாவுக்கு."

தாடிக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ இதை... நான் வரையலையா?"

"நடிக்காதீங்க."

"அவரு நடிக்கலை" என்றது சித்தப்பாவின் குரல். சோகம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் தொழிலுக்கு வந்திருந்தார். "திருடினவன் புள்ளியைக் காட்டிப் பெருமை அடிப்பானா? மறைச்சு நிப்பான். பாவம், என்னை மாதிரி அவரும் கண்ணாடியை நம்பிட்டாரு. பாப்பா, நீ கண்ணாடியைப் பார்த்த. நான் கயிறைப் பாக்கறேன். காஞ்ச படத்துக்கு முன்னாடி யாரும் கிட்ட வரக் கூடாதுன்னு ஈரம்னு போர்டு வச்சது யாரு?"

சித்தப்பா சட்டத்தின் விளிம்பைச் சுவரிலிருந்து கொஞ்சம் விலக்கி டார்ச் அடித்தார். பின்பக்கம் வரிசையாக ஆணிகள். எல்லாம் பளபளவென்று புதுசு.

"பின்கட்டுல ஃப்ரேம் போடறவரு இருக்காரே, அவரைக் கூப்பிடுங்க."

"அவரு... அவருக்கு இன்னிக்கு லீவு" என்றார் செயலாளர்.

"இல்லையே சார்" என்றபடி ஃப்ரேம்காரர் உள்ளே வந்தார். கழுத்தில் அளவு நாடா, கையில் பாதி கடித்த பன். "இவ்வளவு சத்தம் போட்டா லீவுல இருந்தாலும் வந்திருப்பேன்."

"இந்தப் படத்துக்குக் கண்ணாடி போட்டது நீங்களா?" என்றேன்.

"நானும் என் மச்சானும். நேத்து எல்லாரும் போன பிறகு. ஏன், ஆடுதா?"

"யாரு போடச் சொன்னாங்க?"

ஃப்ரேம்காரர் பன்னை மென்றுகொண்டே செயலாளரைப் பார்த்தார். "சார்தான் போன்ல சொன்னாரு. மச்சினன் படத்துல ஜனங்க கை வைப்பாங்க, ஒரு கண்ணாடி போட்டு விடுன்னாரு. கண்ணாடி எங்கேன்னேன். நடுவுல ஏதோ ஒண்ணு சும்மா நிக்குது பாரு, அதைப் போடுன்னாரு. அளவு கச்சிதம். ஆனா கம்பெனி டிஃபெக்ட். முழுக்க நெளிசல், ஓரத்துல குமிழி வேற. கடைக்காரன் ஏமாத்திட்டான் சார், திருப்பிக் குடுத்துடலாம்னுகூடச் சொன்னேன்."

"டிஃபெக்ட்" என்றார் கண்ணாடிக்கார அக்கா, மிக மெல்லிய குரலில். அம்மாவின் மாப்பை நோக்கி அவர் கை நீண்டது. அம்மா கொடுக்கவில்லை.

எல்லார் கண்ணும் செயலாளர் மேல். கைக்குட்டை நனைந்து முடிந்திருந்தது. சட்டைக் கையால் துடைத்தார்.

"எனக்கென்ன தெரியும்? நான் அதை உதிரிக் கண்ணாடின்னு நினைச்சுட்டேன்" என்றார். "காலையில இவங்க வந்து 'என் சிற்பம் எங்கே'ன்னு கத்தினப்பதான் புரிஞ்சுது. ஓவியக் கூடத்துச் செயலாளருக்குக் கலைப்பொருள் எது, ஜன்னல் கண்ணாடி எதுன்னு தெரியலைன்னா என் மானம் என்னாகறது? கண்காட்சி முடிஞ்சதும் சத்தமில்லாம எடுத்துத் தாங்கியில வச்சிடலாம்னு..."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் யாராவது ஒருத்தர்..."

"யாராவது ஒருத்தர் இல்லை சார். அதோ மாப் வச்சிட்டு நிக்கறாங்களே, அவங்க" என்றேன். "உங்க மானம் போகக் கூடாதுன்னு எங்க அம்மா மானத்தை எடுத்தீங்க."

செயலாளர் அம்மாவிடம் குரலைத் தாழ்த்தினார். "சரிம்மா. நீங்க வேலையில இருங்க. ரெண்டு பேரும் இதை மறந்துடுவோம்."

"காலையில கூடம் அதிரத் திருடின்னீங்க" என்றாள் அம்மா. "இப்போ காதுக்குள்ள வந்து மறக்கச் சொல்றீங்க. அது என்ன, பழியை ஏத்தறதுக்கு ஒரு சத்தம், இறக்கறதுக்கு ஒரு சத்தம்?"

அதற்குள் வாசலில் விருந்தினர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். செயலாளர் அதைச் சாக்காக வைத்து மைக் பக்கம் நழுவினார்.

ஃப்ரேம்காரரும் மச்சானும் ஆணிகளைப் பிடுங்கிக் கண்ணாடியை எடுத்துத் தாங்கியில் நிறுத்தினார்கள். கண்ணாடி போன ஓவியத்தைத் தாடிக்காரர் வெகுநேரம் பார்த்தார். அக்கா சொன்னது சரி. சேறு.

"இதையா நான் வரைஞ்சேன்?" என்றார்.

"தம்பி, இந்தப் பக்கம் வா" என்று அக்கா அவரைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தி, அதன் வழியாகத் தன் ஓவியத்தைப் பார்க்கச் சொன்னார். தாடிக்கு உயிர் வந்தது. அவருக்குப் பின்னால், வரிசையில் இரண்டாவதாக, சித்தப்பா சீப்போடு நின்றார்.

மைக்கில் செயலாளர் தொண்டையைக் கனைத்தார். "பெருமதிப்பிற்குரிய விருந்தினர்களே..."

அம்மா வாளியை எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் போனாள். அவர் நின்ற இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் துடைத்தாள். சொதசொதவென்று, பிழியாத மாப்பால். பிறகு தாடிக்காரரின் ஓவியத்துக்கு முன்னாலிருந்த சிவப்புக் கயிற்றை அவிழ்த்து வந்து, அட்டையோடு அவரைச் சுற்றிக் கட்டினாள். 'ஈரம். தொடாதீர்கள்.'

"என்னம்மா இது?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டார்.

"தரை ஈரம் சார். கால் வச்சா வழுக்கும். காயற வரைக்கும் நில்லுங்க. சொல்ல வேண்டியதை அதுக்குள்ள சொல்லிடலாம்."

விருந்தினர்கள் இதுவும் கண்காட்சியில் ஒன்று என்று நினைத்துச் சுற்றிவர நின்றுகொண்டார்கள். ஒருவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இன்று காலை இங்கு ஒரு சிறு தவறு நிகழ்ந்துவிட்டது" என்றார் செயலாளர்.

அம்மா மாப்பை வாளியில் முக்கி எடுத்தாள். இன்னொரு சுற்று துடைத்தாள்.

"தானா நிகழலை சார், நீங்க பண்ணீங்க" என்று நான் கூட்டத்திலிருந்து சொன்னேன்.

"என்... என்னால் ஒரு தவறு நிகழ்ந்துவிட்டது. ஒருவர் மீது தவறான எண்ணம்..."

மூன்றாவது சுற்று. தண்ணீர் அவர் செருப்பைத் தொட்டது.

செயலாளர் கையிலிருந்த காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அம்மாவைப் பார்த்தார். "இந்த அம்மா எதையும் எடுக்கலை. கண்ணாடியை மாட்டச் சொன்னது நான். தெரிஞ்ச பிறகும் இவங்க மேல பழி போட்டது நான். இவங்களைத் திருடின்னு சொன்னேன். மன்னிச்சிடுங்கம்மா."

கூட்டம் கைதட்டியது. எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது. பரவாயில்லை.

அம்மா மாப்பை நன்றாக, சொட்டு மிச்சமில்லாமல் பிழிந்தாள். ஒரே இழுப்பில் தரையைத் துடைத்து, குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"காஞ்சிடுச்சு" என்றாள். "வரலாம்."